பிரசங்கம் வேண்டாம், பக்கத்தில் உட்காருங்கள்

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் நடக்கும் பேச்சைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். "சுகமா இருக்கியளா?" "கர்த்தர் கிருபையால சுகம்." அவ்வளவுதான். கேட்டவர் கை பைக் சாவியைத் துழாவுகிறது, பதில் சொன்னவர் கண் பிள்ளையைத் தேடுகிறது. வருஷக்கணக்காக ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே பாட்டைப் பாடி, ஒரே பாத்திரத்தில் திருவிருந்து எடுத்தவர்கள் நாம். பக்கத்தில் இருப்பவரின் மகன் குடியிலிருந்து மீள முடியாமல் தவிப்பது நமக்குத் தெரியாது. முன் பெஞ்சு அக்கா வட்டிக்காரனுக்குப் பயந்து ராத்திரி முழுக்க விழித்துக் கிடப்பது தெரியாது. ஏதாவது விபரீதம் நடந்த பிறகு, "போன வாரம்கூட கோயிலுக்கு வந்தாவளே, நல்லாத்தானே இருந்தாவ" என்று அதே வாசலில் நின்று பேசுவோம். நல்லாத்தான் இருந்தார்களா? யாராவது ஒருவராவது நின்று கேட்டோமா?

ஆராதனை மேல் எனக்குக் கோபம் இல்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பேச்சை எடுத்தாலே "சபையை விட்டுப் போயிட்டியா, எந்தக் கூட்டத்துல சேர்ந்த?" என்று கேட்கிறார்கள். பாமாலையும் கீர்த்தனையும் கேட்டே வளர்ந்தவள் நான். நற்கருணை எடுக்காத மாதம் எனக்கு வெறுமையாகத்தான் போகும். ஆனால் அந்த இரண்டு மணி நேரத்தில் ஒரு விசுவாசி வாயைத் திறந்து "இந்த வாரம் எனக்கு ஜெபிக்கவே வரல" என்று சொல்ல எங்கே இடம்? பேசுகிறவர் ஒருவர், கேட்டுக்கொண்டிருப்பவர்கள் நூற்றுக்கணக்கானவர்கள். ஜெப விண்ணப்பச் சீட்டில் "குடும்ப சமாதானம்" என்று எழுதிப் போட்டால், மற்ற சீட்டுகளோடு சேர்த்து ஒரே மூச்சில் வாசித்து முடித்துவிடுவார்கள். அந்த இரண்டு வார்த்தைக்குப் பின்னால் ஒரு பெண் வீட்டில் அடிவாங்கிக்கொண்டிருக்கிறாள் என்பதை யார் விசாரித்தார்கள்? அசன விருந்துக்கு யார் எத்தனை மூட்டை அரிசி கொடுத்தார் என்று வாசிக்க மட்டும் நேரம் இருக்கிறது!

கேட்டால் சபைக்கு வாட்ஸ்அப் குழு இருக்கிறது என்கிறார்கள். "அம்மாவுக்கு ரொம்ப சீரியஸ், ஜெபிச்சுக்கோங்க" என்று ஒருவர் போடுகிறார். வரிசையாகக் கும்பிடும் கைகள், ஆமென், ஆமென், ஆமென். அன்றைக்கு ராத்திரி ஆஸ்பத்திரியில் துணைக்குப் படுக்க ஓர் ஆள் கிடைக்கவில்லை. அந்த மகள் தனியாக வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள்.

"அதுக்குத்தான் வீட்டு ஜெபக்கூட்டம் வச்சிருக்கோமே" என்பார்கள். இங்கேதான் என் கோபம் இரட்டிப்பாகிறது. பதினைந்து பேர் கூடுகிற முன்னறையில் மைக் செட் எதற்கு? ஸ்பீக்கரைத் தெருப்பக்கம் திருப்பி வைக்கிறார்கள். வெளியூரிலிருந்து ஒரு தேவ செய்தியாளர் வருகிறார், அவருக்கு ஒரு சால்வை. முக்கால் மணி நேரப் பிரசங்கம். முடிவில் காணிக்கைப் பை. வந்திருப்பவர்களில் ஒருவரிடமாவது "உங்க வாரம் எப்படிப் போச்சு?" என்று கேட்பது கிடையாது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் நடப்பதையே வெள்ளிக்கிழமை ஒரு வீட்டுக்குள் அடைத்து நடத்துவதற்கு எதற்காக வீடு?

அந்த வீட்டு அம்மாவைப் பாருங்கள். கூட்டம் தன் வீட்டில் நடக்கிறது, ஆனால் கூட்டத்தில் அவள் இல்லை. சாயங்காலத்திலிருந்து அடுப்படியில் நின்று வடை சுடுகிறாள், காபிக்குப் பால் காய்ச்சுகிறாள், டம்ளர் போதுமா என்று எண்ணுகிறாள். உள்ளே, இயேசுவின் பேச்சைக் கேட்க உட்காராமல் வேலையிலேயே அலைந்த மார்த்தாளைப் பற்றி "மார்த்தாளே, மார்த்தாளே" என்று பிரசங்கம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவளை எழுப்பி அடுப்படிக்கு அனுப்பியது நாம்தானே! அடுத்த முறை கூட்டம் வைக்க ஒரு குடும்பம் தயங்கினால் அது பக்திக் குறைவு என்கிறோம். வடைக்கும் காபிக்கும் ஆகும் செலவை நினைத்தே எத்தனை ஏழை வீடுகள் "எங்க வீட்டுல வைங்க" என்று சொல்லாமல் இருக்கின்றன, தெரியுமா?

இன்னொன்று, "ஜெபிக்கிறதுக்காகத்தான் சொல்லுதேன்" என்று தொடங்கி அடுத்த வீட்டுக் கதையை அவிழ்ப்பது. ஒரு தங்கை தன் கல்யாணம் முறிந்ததை ஒரு ஜெபக்கூட்டத்தில் அழுதுகொண்டே சொன்னாள். இரண்டு நாளில் சேகரத்தில் உள்ள எல்லாச் சபைக்கும் தெரிந்துவிட்டது. அவள் இன்றுவரை எந்தக் கூட்டத்துக்கும் வருவதில்லை. "நீங்கள் சொஸ்தமடையும்படிக்கு, உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு, ஒருவருக்காக ஒருவர் ஜெபம்பண்ணுங்கள்" என்று யாக்கோபு எழுதியதை எத்தனை தரம் பிரசங்கித்திருப்போம்! கேட்டதை வெளியே கொண்டுபோகாத நாலு பேர் இல்லாமல் ஒருவர் எப்படி அறிக்கையிடுவார்?

மெதடிஸ்டுகளின் சரித்திரத்தில் ஒரு விஷயம் உண்டு, நினைக்கும்போதெல்லாம் மனதைக் குடைகிறது. 1742-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில், மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் ஆட்களுக்குக் கட்டடக் கடன். அதை அடைக்க, பன்னிரண்டு பேர் கொண்ட வகுப்புகளாகப் பிரித்து, வகுப்புக்கு ஒரு தலைவர் வாரம் ஆளுக்கு ஒரு பென்னி வசூலிப்பது என்று ஏற்பாடு. வசூலுக்காக வீடு வீடாகப் போனவர்கள் அங்கே உள்ள நிலைமையைக் கண்டார்கள். ஒருவன் குடிக்கிறான், ஒரு வீட்டில் ஓயாத சண்டை, ஒருத்தி விசுவாசத்தில் தளர்ந்து கிடக்கிறாள். வெஸ்லி அதைக் கேட்டதும், நாம் இத்தனை நாள் தேடியது இதுதான் என்று பிடித்துக்கொண்டார். அந்த வகுப்பே வாரந்தோறும் கூடி ஒருவரையொருவர் "உன் ஆத்துமா எப்படி இருக்கிறது?" என்று விசாரிக்கும் இடமாயிற்று. சுரங்கத் தொழிலாளியும் வேலைக்காரப் பெண்ணும் அங்கே வாய்திறந்து பேசினார்கள். அங்கே காசு கேட்கப் போனவர்கள் ஆத்துமாவைக் கண்டார்கள். நாம் ஆத்துமாவுக்கென்று கூடிக் காணிக்கைப் பையில் முடிக்கிறோம்.

நாங்கள் ஐந்து குடும்பம் வியாழக்கிழமை சாயங்காலம் கூடுகிறோம். மைக் இல்லை, செய்தியாளர் இல்லை, காணிக்கை இல்லை. யார் வீட்டில் கூடினாலும் தண்ணீரும் கட்டன்காப்பியும் மட்டும், அதையும் ஆம்பிளைகள்தான் போடவேண்டும். ஒரு வேதபகுதியை வாசிப்போம், புரியாததைப் புரியவில்லை என்போம். பிறகு ஒவ்வொருவரும் வாரம் எப்படிப் போனது என்று சொல்வார்கள். சொல்ல விருப்பம் இல்லாதவர் சும்மா இருக்கலாம். அங்கே கேட்டது அந்த வீட்டு வாசலைத் தாண்டக்கூடாது. ஓர் அண்ணன் பல மாதம் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தவர், ஒருநாள் வேலை போனதைச் சொன்னார். வீட்டிலேயே சொல்லாமல் தினமும் காலையில் டிபன் பாக்ஸோடு கிளம்பி பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தாராம். அண்ணி பக்கத்தில்தான் இருந்தார்கள். அன்றைக்கு ஜெபம் நீளமாக நடக்கவில்லை. ஆனால் மறுநாளே ஒருவர் தெரிந்த கம்பெனியில் பேசினார், இன்னொரு வீட்டிலிருந்து பிள்ளையின் பள்ளிக்கூடக் கட்டணம் போனது. இதே மனுஷர் பல வருஷமாக நம் கோயிலில் காணிக்கை எடுத்தவர்!

இதுக்குத்தான் சபைக் கமிட்டியிலிருந்து ஆள் வந்தது. "யாரைக் கேட்டு கூடுறீங்க? போதகர் ஐயாவுக்குத் தெரியுமா? சபைத் தேர்தலுக்கு ஆள் சேர்க்கிறீங்களா?"

தேர்தல்! ஒரு மனுஷன் வேலை போனதைச் சொல்லி அழுத இடத்தை ஓட்டாக எண்ணிப் பார்க்கிற மனசு எப்படி வந்தது நமக்கு?

அனுமதி வாங்கினீர்களா என்று கேட்கிறவர்களுக்கு நம் சொந்தச் சரித்திரம் தெரியவேண்டும். 1670-ல் ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகரத்துப் போதகர் ஸ்பெனர் தன் வீட்டில் ஒரு சின்னக் கூட்டத்தைத் தொடங்கினார். சாதாரண விசுவாசிகள் கூடி, வேதத்தைப் பற்றிப் பேசி, ஒருவரையொருவர் தாங்குகிற கூட்டம். அன்றைக்கும் சபைப் பெரியவர்கள் பலருக்கு அது பிடிக்கவில்லை, பிரிவினை என்றார்கள். அந்த எழுப்புதல்தான் அவர் வழிவந்த பிராங்கே என்ற போதகர் வழியாக ஹாலே நகரத்தில் வேர்பிடித்தது. அந்த ஹாலேயில் படித்தவர்தான் 1706 ஜூலை 9-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய மிஷனரி சீகன்பால்கு. தமிழில் புதிய ஏற்பாட்டை முதலில் அச்சேற்றியவர். வீட்டில் கூடிய அந்தச் சின்னக் கூட்டங்கள் இல்லாவிட்டால் தமிழ்ச் சீர்திருத்த சபைகளின் கதையே வேறாக இருந்திருக்கும். அவரை அனுப்பிவைத்த அதே டென்மார்க் அரசு 1741-ல், ஊர்ப் போதகருக்குத் தெரியாமல் விசுவாசிகள் வீட்டில் கூடக்கூடாது என்று சட்டம் போட்டது. அந்தச் சட்டத்தைக் காட்டித்தான், அன்றைக்கு டென்மார்க் ஆட்சியில் இருந்த நார்வேயில் ஹான்ஸ் நீல்சன் ஹாகே என்ற விவசாயி வீட்டின் பிள்ளையை 1804-ல் பிடித்து வருஷக்கணக்கில் அடைத்துவைத்தார்கள். ஊர் ஊராக நடந்து வீடுகளில் பிரசங்கித்ததும் சட்டத்தின் கண்ணில் குற்றம். "யாரைக் கேட்டு கூடுறீங்க" என்பது அந்தச் சட்டத்தின் குரல்.

உடனே வேதாகமத்தில் எபிரெயர் பத்தாம் அதிகாரத்தை எடுத்து நீட்டுகிறார்கள். "சபை கூடிவருதலைச் சிலர் விட்டுவிடுகிறதுபோல நாமும் விட்டுவிடாமல்" என்று. சரி, அந்த வசனத்தை முழுசாக வாசியுங்கள். அடுத்து வருவது "ஒருவருக்கொருவர் புத்திசொல்லக்கடவோம்." அதற்கு முந்தின வசனத்தில் "ஒருவரையொருவர் கவனித்து" என்று இருக்கிறது. ஒருவரையொருவர்! முதுகைப் பார்த்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் நாம் யாரைக் கவனிக்கிறோம், யாருக்குப் புத்திசொல்கிறோம்? எங்களைக் கண்டிக்கக் கொண்டுவந்த வசனமே எங்கள் வியாழக்கிழமையைத்தான் கேட்கிறது. நாங்களோ ஞாயிறு ஆராதனையை ஒருநாளும் விட்டதில்லை. எருசலேம் விசுவாசிகளும் தேவாலயத்துக்கும் போனார்கள், வீடுகள்தோறும் அப்பமும் பிட்டார்கள். இரண்டும் ஒரே வசனத்தில்தான் இருக்கிறது.

ஏன் வீடு வேண்டும் என்பதற்கு நம் ஊரில் இன்னொரு காரணமும் உண்டு, சொல்ல வாய் கூசுகிறது. கோயிலில் எல்லாரும் சமம் என்று சொல்வது சுலபம். யார் யார் வீட்டுக்குப் போகிறோம், யார் வீட்டு டம்ளரில் குடிக்கிறோம் என்பதில்தான் உண்மை தெரியும். 1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வித்தியாசம் அடியோடு ஒழியவேண்டும் என்று எழுதியபோது வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் எத்தனையோ பேர் கோயிலை விட்டே வெளியேறினார்கள். இன்றைக்கு யாரும் வெளியேறுவதில்லை. சொந்தக்காரர் வீடுகளுக்குள் மட்டும் ஜெபக்கூட்டம் வைத்துக்கொள்கிறார்கள். பல ஊரில் வீட்டு ஜெபக்குழுவின் பட்டியலைப் பார்த்தால் சாதிப் பட்டியல் மாதிரி இருக்கிறது. பிலேமோன் என்ற விசுவாசிக்கு அப்போஸ்தலன் பவுல் எழுதிய கடிதம் அவர் வீட்டில் கூடிவந்த சபைக்கும் சேர்த்து எழுதியது. அதில் என்ன கேட்டார்? ஓடிப்போன அடிமை ஒநேசிமுவைத் திரும்பவும் அடிமையாக அல்ல, "பிரியமுள்ள சகோதரனாக" ஏற்றுக்கொள்ளச் சொன்னார். அதே வீட்டில், அதே கூட்டத்தின் கண்முன்னால். இதைச் செய்யாத வீட்டுக் கூட்டத்தில் எத்தனை மணி நேரம் ஆவியில் நிறைந்து அந்நியபாஷை பேசினாலும் எனக்கு அது சபையாகத் தெரியவில்லை.

வீட்டில் கூடுகிறதெல்லாம் நல்லது என்று நான் சொல்லவரவில்லை. தானே தீர்க்கதரிசி என்று சொல்லிக்கொண்டு, "கர்த்தர் உனக்கு ஒரு வார்த்தை தந்திருக்கிறார்" என்று பயமுறுத்தித் தசமபாகத்தைத் தன் கணக்கில் போடச் சொல்கிறவர்களும் வீடுகளில்தான் தொடங்குகிறார்கள். அவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம். அங்கேயும் பேசுகிறவர் ஒருவர்தான், மற்றவர்கள் கேட்க மட்டும் வேண்டும். கேள்வி கேட்டால் கலகக்காரி. தலைவரும் தன் பலவீனத்தைச் சொல்லாத எந்தக் குழுவிலிருந்தும் எழுந்து வந்துவிடுங்கள்.

ஐயாவைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். சில வருஷத்துக்கு ஒருமுறை மாற்றல், புது ஊர், புதுக் கமிட்டி, பழைய சண்டை. வீடு வீடாகப் போய் ஜெபிக்கிறார், கல்யாணம் நடத்துகிறார், அடக்கம் செய்கிறார். அவர் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால், அவருக்கே மனசு உடைந்தால், யாரிடம் சொல்வார்? கமிட்டியிடம் சொன்னால் அடுத்த கூட்டத்தில் அது ஆயுதமாகும். அவரையும் மேடையில் நிறுத்திவிட்டுத் தனியாக விட்டிருக்கிறோம், அவர் மனைவியையும் அப்படித்தான். பாஸ்டரம்மா சிரித்த முகமாக இருக்கவேண்டும் என்று எதிர்பார்க்கிற சபையில் அந்த அம்மா எந்தத் தோளில் சாய்ந்து அழுவார்கள்?

வியாழக்கிழமை ஏழு மணிக்குக் கூடுகிறோம். அனுமதி மனு எழுதித் தரமாட்டோம். கமிட்டிக்காரர்கள் வரலாம், ஐயாவும் அம்மாவும் வரலாம், தரையில் பாய் விரித்திருக்கும். வேதாகமத்தைக் கொண்டு வாருங்கள். பிரசங்கக் குறிப்பு வேண்டாம், சால்வை கிடையாது. உங்கள் முறை வரும்போது இந்த வாரம் எப்படி இருந்தது என்று நீங்களும் சொல்லவேண்டும்.