ஊரூர் முந்தியது, பெசன்ட் நகர் பிந்தியது

சென்னை பெசன்ட் நகர் உருவான பிறகுதான் மீனவர்கள் பக்கத்தில் வந்து ஊரூர் குப்பம் போட்டார்கள் என்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். மன்னிக்கவும், வரிசை தலைகீழ். ஊரூர் குப்பம்தான் முதலில். வீட்டு வசதி வாரியம் மனை பிரித்து பெசன்ட் நகரை எழுப்பியது பெரும்பாலும் 1970களில். பெயருக்குரிய அன்னி பெசன்ட் அம்மையாரோ 1933-லேயே காலமாகிவிட்டார், அதனால் பெயரை வைத்து நகரும் அவர் காலத்தது என்று நினைக்க வேண்டாம்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், சரிபார்க்கலாம். அங்கே வீடு வைத்திருக்கும் யாரிடமாவது கிரயப் பத்திரத்தைக் கேளுங்கள். கடைசியில் 'சொத்து விவரம்' என்ற பகுதி இருக்கும். அதில் சர்வே எண்ணுக்குப் பக்கத்தில் கிராமத்தின் பெயரைப் பாருங்கள். எங்கள் அத்தை வீட்டுப் பத்திரத்தில், மங்கிப்போன தட்டச்சில், 'ஊரூர் கிராமம்' என்றுதான் இருக்கிறது. முகவரிக்குத்தான் பெசன்ட் நகர், நிலத்துக்கு இன்னும் பழைய பெயர்தான். அடுக்குமாடி வீடானாலும் அப்படித்தான், அடிமனை எந்தக் கிராமம் என்று எழுதாமல் பதிவு நடக்காது.

பின்னால் வந்த குடியிருப்பின் பெயரிலா அரசு ஆவணம் கிராமத்தைக் குறிக்கும்? பத்திரம் கையில் இருக்கிறவர்கள் பார்த்துவிட்டு இங்கேயே சொல்லுங்கள்.