மலாவிக்கு மே மாதம் போகாதீர்கள், ஜூனில் போங்கள்

மார்த்தாண்டம், களியக்காவிளை பக்கம் சில சபைகளில் இப்போது ஊழியப் பயணத்துக்குப் பெயர் கொடுக்கும் நேரம். அறிவிப்பில் "மலாவி நாட்டுக் கிராமப்பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி" என்று போட்டிருக்கிறார்கள். விளவங்கோடு தாலுகாவில் தொடக்கப்பள்ளி டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இப்படி ஒரு குழுவோடு ஆப்பிரிக்காவிலுள்ள மலாவிக்குப் போயும் வந்திருக்கிறேன். இந்த ஊழியம் தொடர வேண்டும் என்று ஜெபிக்கிறவள் என்பதால்தான், இப்போது நடக்கிற விதம் சரியில்லை என்று எழுதுகிறேன்.

முதலில், மே மாதத்தில் போவது. மே மாதம் நமக்கு லீவு, அவர்களுக்கு இல்லை. அங்கே பள்ளி ஆண்டு செப்டம்பரில் தொடங்கி ஜூலையில் முடிகிறது. மே மாதம் நாம் போய் ஆசிரியர்களைச் சபை மண்டபத்தில் உட்கார வைத்தால், அத்தனை நாளும் பிள்ளைகள் டீச்சர் இல்லாமல் இருக்கிறார்கள். ஓர் ஆசிரியருக்கு 60 பிள்ளைகள் என்பதே அந்த அரசு எட்ட நினைக்கும் இலக்கு. நான் பார்த்த ஒன்றாம் வகுப்பு மாமரத்தடியில் நடந்தது, நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தார்கள். 1994இல் தொடக்கக் கல்வியை இலவசமாக்கியதும், ஏறத்தாழ 19 இலட்சமாக இருந்த மாணவர் எண்ணிக்கை 30 இலட்சத்தை நெருங்கிவிட்டது. பயிற்சி இல்லாதவர்களையும் ஆயிரக்கணக்கில் வேலைக்கு எடுக்க வேண்டி வந்தது. அந்த நெரிசல் இன்னும் தீரவில்லை. அங்கிருந்து ஓர் ஆசிரியரை ஒரு நாள் வெளியே அழைப்பதென்றாலும் யோசித்துத்தான் அழைக்க வேண்டும்.

அடுத்தது, யார் போகிறார்கள் என்பது. எங்கள் குழுவில் இருந்தவர்கள் பெரும்பாலும் வி.பி.எஸ். என்ற விடுமுறை வேதாகமப் பள்ளியில் பாட்டும் ஆக்‌ஷனும் சொல்லிக்கொடுத்துப் பழகிய வாலிபப் பிள்ளைகள். நல்ல பிள்ளைகள், ராத்திரி பகல் பார்க்காமல் உழைத்தார்கள். லேமினேட் செய்த படஅட்டைகள் பெட்டி நிறையக் கொண்டுபோயிருந்தோம். ஆனால் சுற்றுப்புறத்தில் கிடைக்கும் பொருளை வைத்தே கற்பிக்கும் முறையை அந்த நாட்டு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகள் பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுத்து வருகின்றன. பாட்டில் மூடியில் எண்ணிக்கை, மக்காச்சோளச் சாக்கில் சார்ட் எல்லாம் அவர்களுக்குக் கைவந்த வேலை. ஒரு டீச்சர் கேட்ட கேள்வி வேறு: "நூறு பேரில் வாசிக்கத் தெரியாதவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது? கண்டுபிடித்தபின் மற்றவர்களை என்ன செய்வது?" வகுப்பில் நின்று பழகாதவர் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

எனக்குச் சொல்ல முடிந்தது, ஏனென்றால் நானும் அதே பாடு பட்டவள். பிள்ளைகள் அட்டைகளை வைத்துத் தாங்களே படிக்கும் செயல்வழிக் கற்றல் 2007இல் நம் பள்ளிகளுக்கெல்லாம் வந்தபோது, பிள்ளைகளைக் கற்றல் நிலை பார்த்துக் குழுவாகப் பிரிக்க நாங்கள் தடுமாறித்தான் பழகினோம். அந்த அட்டை முறைக்கு வழிகாட்டியதே ஆந்திரத்தில் மதனப்பள்ளிக்குப் பக்கத்திலுள்ள ரிஷிவேலியின் ஊர்ப்புறப் பள்ளிகள்தான். நூறு பிள்ளைகளுக்கு அட்டை அப்படியே ஒத்துவராது. அதனால் பெரிய பிள்ளைகளைச் சட்டாம்பிள்ளையாக வைக்கும் நம் பழைய வழியையும் சேர்த்து, நானும் அந்த டீச்சரும் சாயங்காலங்களில் உட்கார்ந்து வகுப்பைப் பிரித்துப் பார்த்தோம். நான் அங்கே செய்ததில் உருப்படியானது இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

பாஷை விஷயமும் அப்படித்தான். களியக்காவிளைப் பக்கத்துப் பிள்ளை வீட்டில் மலையாளம் கலந்து பேசிவிட்டு வந்து, புத்தகத் தமிழ் முன்னால் திகைத்து நிற்பதை நாம் தினமும் பார்க்கிறோம். மலாவியின் மங்கோச்சி ஏரிக்கரையில் வீட்டில் யாவோ மொழி பேசும் பிள்ளைக்குப் பள்ளியில் சிச்சேவா மொழி, அதற்கு மேல் ஆங்கிலம். இதைப் புரிந்துகொள்ள எல்லையோரத்து டீச்சருக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டாம்.

அதே ஏரிக்கரையில் இஸ்லாமிய ஆசிரியர்களும் நிறைய இருக்கிறார்கள். பயிற்சிக்கு வந்தவரைச் சாயங்கால நற்செய்திக் கூட்டத்துக்கும் இருக்கச் சொல்வது எனக்குச் சம்மதமில்லை. விரும்பி வந்தால் சந்தோஷம். வராதவருக்கும் சான்றிதழும் சாப்பாடும் ஒரே மாதிரி கிடைக்க வேண்டும்.

நமக்குப் பள்ளிக்கூடம் கொடுத்தவர்களை நினைத்துப் பாருங்கள். மிஷனரி ரிங்கல்தௌபே 1806இல் மயிலாடிக்கு வந்தார். 1818இல் நாகர்கோவிலுக்கு வந்த சார்லஸ் மீட், 1873இல் திருவிதாங்கூர் மண்ணிலேயே மரித்தார். மார்த்தா மால்ட் அம்மையார் நாகர்கோவிலில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தியது முப்பது ஆண்டுகளுக்கும் மேல். அவர்களிடம் படித்த நம் ஆட்களே வாத்தியார்களாகி ஊர் ஊராகப் பள்ளி எடுத்தார்கள். அவர்களை அனுப்பிய அதே இலண்டன் மிஷன்தான், பின்னாளில் மலாவி வரை போன மிஷனரி லிவிங்ஸ்டனையும் ஆப்பிரிக்காவுக்கு முதலில் அனுப்பியது. அவ்வளவு காலம் இருக்க நம்மால் முடியாது, சரி. ஒரு பருவமாவது இருக்கலாமே.

என் கணக்கு இது. பெரிய குழுவுக்கு ஆகும் விமானச் செலவில் இரண்டு மூன்று டீச்சர்களை நீண்ட நாள் அனுப்பலாம். ஜூனில் போய் முதலில் வகுப்பின் பின்வரிசையில் உட்காரட்டும். ஆகஸ்டில் அங்கே பள்ளி லீவு, பயிற்சியை அப்போது வைக்கலாம். என்ன பாடம் என்பதை அந்த ஊர்த் தலைமையாசிரியர்கள் தீர்மானிக்கட்டும். செப்டம்பரில் பள்ளி திறந்ததும் அவர்களோடு வகுப்புக்குள் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். அடுத்த வருஷமும் அதே ஆட்களே போக வேண்டும்.

பணியில் இருப்பவர்களுக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை லீவு கிடைக்காது, ஓய்வு பெற்றவர்கள்தான் முன்வர வேண்டும். அருமனை, குழித்துறை, கருங்கல் பக்கம் உடம்புக்கு முடிகிற டீச்சர்மார், சார்மார் இருந்தால் எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள். பெயர்ப் பட்டியல் முடிவாகும் முன்னால் போதகரை ஒன்றாகப் போய்ப் பார்ப்போம்.