குவாரி அதிர்வு: ஒரு திருத்தம்
‘குவாரியில் நூறு கிலோவுக்குப் பதில் ஒரு டன் மருந்து வெடித்தால் நிலம் பத்து மடங்கு அதிரும்’ என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அப்படியில்லை. மருந்து நிரப்பிய குழிகள் எல்லாம் ஒரே நேரத்தில் வெடிப்பதில்லை. டிலே டெட்டனேட்டர் (சற்றுத் தாமதித்து வெடிக்கவைக்கும் கருவி) வைத்து மில்லிவினாடிக் கணக்கில் ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்க விடுவார்கள். அதிர்வை முக்கியமாகத் தீர்மானிப்பவை ஒரு டிலேயில், அதாவது ஒரே தருணத்தில், வெடிக்கும் மருந்தின் எடையும், வீடு இருக்கும் தூரமும்.

அதிர்வெண்ணும், அதாவது நிலம் வினாடிக்கு எத்தனை முறை அதிர்கிறது (ஹெர்ட்ஸ்) என்பதும், முக்கியம். குவாரிக்காரருக்குச் சொந்தமில்லாத வீடுகளுக்கு, சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்தின் 1997 சுற்றறிக்கை 8 ஹெர்ட்ஸுக்குக் கீழே நிலம் அசையும் வேகம் வினாடிக்கு 5 மி.மீ. வரை மட்டுமே அனுமதிக்கிறது, 25 ஹெர்ட்ஸுக்கு மேல் 15 வரை. மெதுவான அதிர்வு கட்டடத்தையும் சேர்த்து ஆட்டும் என்பதால் இந்தக் கெடுபிடி.

சுவரில் விரிசல் கண்டவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவரவில்லை. அவர்கள் லாரியில் வந்த மருந்தின் கணக்கை விட்டுவிட்டு, ஒரு டிலேக்கு எத்தனை கிலோ, அதிர்வுமானியை எந்த வீட்டருகே வைத்தீர்கள் என்று கேட்கட்டும்.