கன்ட்ரோலரில் எதை வேண்டுமானாலும் மாற்றலாம், தேய்கிற ஸ்டிக்கைத் தவிர

விலை உயர்ந்த கேம் கன்ட்ரோலர்களில் மாற்றிக்கொள்வதற்கு என்னென்னவோ இருக்கிறது. பின்பக்கத்தில் இருக்கும் பேடில் என்ற கூடுதல் பட்டன்களைக் கழற்றி மாட்டலாம். மேல் விளிம்பில் சுட்டுவிரலால் அழுத்தும் டிரிகரை எவ்வளவு ஆழம் அழுத்தவேண்டும் என்பதைக் குறைக்கலாம். கட்டைவிரலால் சாய்க்கும் ஸ்டிக்கின் தலையைக் குட்டையாகவோ நெட்டையாகவோ, குழிந்ததாகவோ குவிந்ததாகவோ வைத்துக்கொள்ளலாம். எந்தப் பட்டன் என்ன செய்யவேண்டும் என்பதை விளையாட்டுக்கு விளையாட்டு தனித்தனியாகச் சேமிக்கலாம். எல்லாம் நல்ல வசதிகள்தான், நானும் விரும்பிப் பயன்படுத்துகிறேன். ஆனால் இவற்றில் எதுவும் முதலில் கெட்டுப்போகிற பாகம் இல்லை. முதலில் கெடுவது அந்த ஸ்டிக் தலைக்குக் கீழே, சர்க்யூட் போர்டில் சோல்டர் செய்து, அதாவது உலோகத்தை உருக்கி ஒட்டி, வைத்திருக்கும் சின்னப் பெட்டி. அதை மட்டும் பெரும்பாலான நிறுவனங்கள் நம்மை மாற்ற விடுவதில்லை. செருப்பின் வாரை விதவிதமாக மாற்றித் தருகிறேன், அடி தேய்ந்தால் புதுச் செருப்பு வாங்கிக்கொள் என்று சொல்வது போன்ற வியாபாரம் இது.

அந்தப் பெட்டிக்குள் நடப்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் என் கோபம் முழுக்க அதிலிருந்துதான் வருகிறது. பெரும்பாலான கன்ட்ரோலர்களில் இருப்பது பொட்டென்ஷியோமீட்டர் வகை ஸ்டிக். ஒவ்வொரு ஸ்டிக்குக்கும் பக்கவாட்டில் இரண்டு பொட்டென்ஷியோமீட்டர்கள் இருக்கும், ஒன்று இட வலத்துக்கு, இன்னொன்று மேல் கீழுக்கு. உள்ளே கார்பன் பூசிய ஒரு தடம், அதை உரசிக்கொண்டே நகரும் ஒரு உலோக நாக்கு. நாக்கு நிற்கும் இடத்தைப் பொறுத்து மின்னழுத்தம் மாறும். அதை வைத்துத்தான் ஸ்டிக் எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று கன்ட்ரோலர் கணக்கிடுகிறது. உரசினால் தேயத்தானே செய்யும்? தடம் தேயும், தேய்ந்த தூள் உள்ளேயே கிடக்கும், ஸ்டிக்கை நடுவுக்கு இழுக்கும் ஸ்பிரிங்கும் நாளடைவில் தளரும். அப்புறம் நாம் கையை எடுத்தாலும் அளவு நடுவில் வந்து நிற்காது. திரையில் ஆள் தானாக நடப்பார், அல்லது துப்பாக்கிக் குறி மெதுவாக ஒரு பக்கமாக ஊர்ந்து போகும். டிரிஃப்ட் என்று நாம் எல்லோரும் சொல்வது இதைத்தான்.

2021-ல், கருவிகளைப் பிரித்துப் பழுதுபார்க்கும் வழியைச் சொல்லித்தரும் ஐஃபிக்ஸிட் குழு பிளேஸ்டேஷன் 5-இன் டூயல்சென்ஸ் கன்ட்ரோலரைப் பிரித்துப் பார்த்தது. உள்ளே இருந்தது ஜப்பானிய நிறுவனமான ஆல்ப்ஸின் ஸ்டிக். அந்த வகை ஸ்டிக்குக்குத் தயாரிப்பாளர் சொல்லும் ஆயுள் 20 லட்சம் சுற்று, ஸ்டிக்கை உள்ளே அழுத்தும்போது இயங்கும் பட்டனுக்கு 5 லட்சம் முறை. 20 லட்சம் என்றால் பெரிய எண்ணாகத்தான் தெரிகிறது. ஆனால் சுட்டு விளையாடும் விளையாட்டுகளில் கட்டைவிரல் ஒரு நொடி சும்மா இருப்பதில்லை. நிமிடத்துக்கு 80 சுற்று என்று வைத்துக்கொண்டால் 25,000 நிமிடத்தில் கணக்கு முடிந்துவிடும். அதாவது சுமார் 417 மணி நேரம். தினமும் இரண்டு மணி நேரம் விளையாடுகிறவருக்கு ஏழு மாதம். 417-வது மணி நேரத்தில் ஸ்டிக் நின்றுவிடும் என்று நான் சொல்லவில்லை. சிலருக்கு ஆண்டுக்கணக்கில் ஓடும், சிலருக்கு இரண்டே மாதத்தில் போகும். ஆனால் பொறியாளர்கள் கையில் இந்த எண் முன்னாடியே இருந்தது. தெரிந்துதான் அதை போர்டில் வைத்து 14 கால்களையும் சோல்டர் செய்கிறார்கள். அதை எடுக்கவேண்டும் என்றால் 14 கால்களிலும் சோல்டரை உருக்கி உறிஞ்சவேண்டும். பழகாத கை செய்தால் போர்டே போய்விடும்.

சாதாரண, விலை குறைந்த கன்ட்ரோலரில் இதை ஓரளவு பொறுத்துக்கொள்வேன். இரண்டு மடங்கு, மூன்று மடங்கு விலை கொடுத்து, என் கைக்கு ஏற்றபடி அமைத்து வாங்குகிற ஒன்றில் எப்படிப் பொறுப்பது? மைக்ரோசாஃப்ட்டின் விலை உயர்ந்த எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரான எலைட் சீரிஸ் 2 வெளிவந்தது 2019-ல். ஸ்டிக் எவ்வளவு விறைப்பாக இருக்கவேண்டும் என்பதைக்கூட ஒரு சின்னச் சாவியால் மூன்று நிலைகளில் மாற்றலாம், அவ்வளவு நுணுக்கமாகச் செய்திருக்கிறார்கள். ஆனால் கழற்ற முடிவது தலையும் தண்டும் மட்டும். அளவு எடுக்கும் பாகம் போர்டிலேயே இருக்கிறது. தொடக்கத்தில் அதற்குக் கொடுத்த வாரண்டி வெறும் 90 நாள். புகார்கள் குவிந்தபின் 2020 அக்டோபரில் ஓர் ஆண்டாக நீட்டினார்கள், ஏற்கெனவே வாங்கியவர்களுக்கும் சேர்த்து. அதை நான் பாராட்டுகிறேன். ஆனால் 90 நாள் போதும் என்று யாரோ ஒருவர் ஒரு கூட்டத்தில் முடிவு செய்திருக்கிறாரே, அது மனதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது.

2023 ஜனவரியில் வந்த சோனியின் விலை உயர்ந்த கன்ட்ரோலரான டூயல்சென்ஸ் எட்ஜ் இந்த விஷயத்தில் ஒரு படி மேல். ஸ்டிக் முழுவதும் தனி மாட்யூல், முன்பக்க மூடியை எடுத்து, நெம்புகோலைத் தூக்கி இழுத்தால் கையோடு வந்துவிடும். சோல்டரிங் கிடையாது. புது மாட்யூலின் விலை கன்ட்ரோலர் விலையில் பத்தில் ஒரு பங்குதான். த்ரஸ்ட்மாஸ்டர் நிறுவனத்தின் ஈஸ்வாப் ப்ரோ கன்ட்ரோலர் இதே யோசனையை 2019-லேயே செய்து காட்டியது. அதில் விளையாடிக்கொண்டிருக்கும்போதே ஸ்டிக்கை உருவி வேறு இடத்தில் செருகலாம். என்னைப் பொறுத்தவரை இதுதான் உண்மையான கஸ்டமைஸ். எட்ஜில் எனக்குப் பிடிக்காத ஒன்று, மாட்யூலுக்குள் இருப்பது அதே பழைய உரசும் தொழில்நுட்பம். தேயும் பாகத்தைச் சுலபமாக மாற்ற வழி செய்தார்கள், தேயாததாகச் செய்யவில்லை.

தேயாத வழி ஒன்றும் புதிது இல்லை. காந்தப்புலத்தை மின்சாரத்தால் அளக்க உதவும் ஹால் எஃபெக்டை எட்வின் ஹால் கண்டுபிடித்தது 1879-ல். ஸ்டிக்கின் அடியில் ஒரு காந்தம், அதன் புலம் மாறுவதை அளக்கும் ஒரு சென்சார், இரண்டுக்கும் இடையில் எந்த உரசலும் இல்லை. சேகா நிறுவனம் இதை 1996-லேயே தன் சாட்டர்ன் விளையாட்டுக் கருவியின் 3டி கன்ட்ரோலரில் வைத்தது, 1998-ல் வந்த அடுத்த கருவியான ட்ரீம்காஸ்ட்டின் கன்ட்ரோலரிலும் வைத்தது. இன்னொன்றும் சொல்லவேண்டும்: எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்ட்ரோலரின் டிரிகர்கள் காந்தம் வைத்துத்தான் வேலை செய்கின்றன. ஒரே கன்ட்ரோலருக்குள் டிரிகருக்குக் காந்தம், அதைவிடப் பல மடங்கு அசைகிற ஸ்டிக்குக்கு உரசல். ஹால் சென்சாருக்கு மின்சாரம் கொஞ்சம் அதிகம் வேண்டும், அளவைத் திருத்தும் வேலை கூடும், இதெல்லாம் உண்மையான காரணங்கள்தான். ஆனால் 2022-க்குப் பிறகு குலிகிட், 8பிட்டோ மாதிரி சிறிய நிறுவனங்கள் குறைந்த விலை கன்ட்ரோலர்களிலேயே ஹால் ஸ்டிக்குகளைக் கொடுத்தபோது அந்தக் காரணங்களின் பலம் போய்விட்டது. இப்போது டிஎம்ஆர் என்று அடுத்த தலைமுறையும் வந்துவிட்டது. அதுவும் காந்தத்தை அளப்பதுதான், ஆனால் இன்னும் நுட்பமாக, குறைந்த மின்சாரத்தில்.

சரி, ஹால் ஸ்டிக் சாகாவரம் பெற்றதா? இல்லை. இதை விளம்பரம் செய்பவர்கள் சொல்லவேண்டும், சொல்வதில்லை. சென்சார் தேயாது, ஆனால் ஸ்பிரிங் தளரும், தண்டு தாங்கும் பிளாஸ்டிக் தேயும், நடுவுக்குத் திரும்பும்போது ஆட்டம் வரும். பழைய நின்டெண்டோ 64 விளையாட்டுக் கருவியின் கன்ட்ரோலர் இதற்கு நல்ல சாட்சி. அதில் அளவு எடுத்தது ஒளி, தொடுதலே இல்லை. இருந்தும் ஸ்டிக்கின் அடிப்பகுதி பிளாஸ்டிக் கிண்ணத்தில் உரசி உரசி வெள்ளைத் தூளாக உதிர்ந்து, ஸ்டிக் தொளதொளவென்று ஆனது. அதனால்தான் காந்த சென்சார் மட்டும் போதாது, மாட்யூலும் கழற்றும்படி இருக்கவேண்டும் என்கிறேன். இரண்டும் சேர்ந்து கிடைக்கும் கன்ட்ரோலர்கள் இன்றும் குறைவு.

டிரிஃப்ட் வந்தவர்களுக்கு வழக்கமாகக் கிடைக்கும் ஆலோசனை டெட் சோனைக் கூட்டுவது. நடுவில் இருக்கும் சிறிய அசைவுகளைக் கண்டுகொள்ளாதே என்று மென்பொருளுக்குச் சொல்வது அது. குறி ஊர்வது நிற்கும். கூடவே நாம் காசு கொடுத்து வாங்கிய நுட்பமும் நின்றுவிடும். நான் அதிக விலை கொடுத்து வாங்கிய ஒரு கன்ட்ரோலரில் வாரண்டி முடிந்தபின் எனக்குக் கிடைத்த பதிலும் இதுதான், டெட் சோனைக் கூட்டிப் பாருங்கள் என்று. கூட்டினேன். கட்டைவிரலை லேசாகச் சாய்த்தால் ஒன்றும் நடக்காது, கொஞ்சம் கூடுதலாகச் சாய்த்தால் குறி தாவும். மெதுவாகக் குறிவைப்பதற்கென்றே நான் பொருத்தியிருந்த நெட்டையான ஸ்டிக் தலைக்கு அதன்பிறகு வேலையே இல்லாமல் போனது.

நின்டெண்டோ ஸ்விட்ச் வந்த 2017-லிருந்து அதன் கன்ட்ரோலர்களான ஜாய்-கான்களின் டிரிஃப்ட் பற்றிப் பேசாத ஆள் இல்லை. அமெரிக்காவில் வழக்கு போட்டார்கள், 2020-ல் நிறுவனத் தலைவர் ஷுன்டாரோ ஃபுருகாவா வருத்தம் தெரிவித்தார், 2023-ல் ஐரோப்பிய ஆணையம் தலையிட்டபின் அங்கே வாரண்டி முடிந்தவற்றையும் இலவசமாகச் சரிசெய்ய ஒப்புக்கொண்டார்கள். இத்தனைக்கும் பிறகு 2025-ல் வந்த ஸ்விட்ச் 2-இன் ஸ்டிக்கும் ஹால் எஃபெக்ட் இல்லை என்று அவர்களே சொன்னார்கள். வலுவாக்கியிருக்கிறோம் என்றார்கள். ஆகட்டும், சில ஆண்டுகளில் தெரிந்துவிடும்.

கஸ்டமைஸ் என்பதைப் பணக்காரப் பொழுதுபோக்காக நினைப்பவர்களிடம் ஒன்று சொல்லவேண்டும். ஒரு கையில் மட்டும் விளையாடுபவர்கள், விரல்களில் வலு குறைந்தவர்கள், கை நடுங்குபவர்கள் எல்லோருக்கும் அது விளையாட முடிவதற்கும் முடியாததற்கும் உள்ள வித்தியாசம். எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலர் 2018-ல் வந்ததும், சோனியின் ஆக்சஸ் 2023-ல் வந்ததும் அதனால்தான். தன் உடலுக்கு ஏற்றபடி வாரக்கணக்கில் சரிபார்த்து அமைத்துக்கொண்ட ஒருவருக்கு ஸ்டிக் போனால், பழகிய அமைப்பு முழுவதும் கையை விட்டுப் போகிறது. கடையில் இன்னொன்று எடுத்து அன்றைக்கே தொடர முடியாது.

நிறுவனங்களிடம் நான் எதிர்பார்ப்பது இன்னும் இரண்டு விஷயங்கள். ஸ்டிக்கை மாற்றியதும் அளவைத் திருத்தும் வசதியை எங்களுக்கே திறந்துவிடவேண்டும். பல கன்ட்ரோலர்களில் நடுப்புள்ளியின் அளவு கன்ட்ரோலர் நினைவகத்தில் தொழிற்சாலையிலேயே எழுதப்பட்டிருக்கிறது, புது ஸ்டிக் போட்டாலும் பழைய எண்ணோடுதான் ஒப்பிடும். டூயல்சென்ஸுக்கு இந்தத் திருத்தத்தை பிரவுசரிலேயே செய்யும் கருவியை ஆர்வலர்கள்தான் தங்கள் சொந்த நேரத்தில் உருவாக்கினார்கள். கன்ட்ரோலரோடு வரும் ஆப்பில் இருந்திருக்கவேண்டியது அது. இரண்டாவது, கழற்றும் மாட்யூல் என்று விற்றால் அந்த மாட்யூல் எத்தனை ஆண்டுகள் கடையில் கிடைக்கும் என்று பெட்டியிலேயே அச்சிடவேண்டும். 14 கால் ஸ்டிக்கைப் பல நிறுவனங்கள் ஒரே அளவில் செய்கின்றன, அதனால்தான் இன்று ஹால், டிஎம்ஆர் என்று மாற்று கிடைக்கிறது. தனக்கென்று தனி வடிவத்தில் மாட்யூல் செய்கிறவர் அதை நிறுத்தும் நாளில், அதன் அளவுகளையும் இணைப்பு விவரத்தையும் வெளியிட்டுவிட்டுப் போகவேண்டும்.