செயற்கைக்கோள் படத்தில் காரணம் பதிவாவதில்லை

கடந்த சில நாட்களாகப் பலரும் பகிர்ந்துவரும் சிரியாவின் அந்த இரண்டு செயற்கைக்கோள் படங்களைப் பற்றி எழுதாமல் கடந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். இடப்பக்கம் பசுமையான வயல்கள், வலப்பக்கம் வெளுத்த மண், இந்த நாட்டை வறட்சி அழித்துவிட்டது என்று கீழே ஒரு வரி. முதல் படம் ஏப்ரலிலும் இரண்டாவது ஆகஸ்டிலும் எடுக்கப்பட்டவை என்பதைப் பின்னூட்டத்தில் பணிவாகச் சுட்டிக்காட்டினேன். வடகிழக்குச் சிரியாவின் கோதுமையும் பார்லியும் குளிர்கால மழையை நம்பி விதைக்கப்பட்டு, மே, ஜூன் மாதங்களில் அறுவடையாகிவிடும். நல்ல மழை பெய்த ஆண்டிலும் அந்த மானாவாரி நிலம் ஆகஸ்டில் வெளுத்துத்தான் கிடக்கும். இதைச் சொன்னதற்கு, நான் பருவநிலை மாற்றத்தை மறுப்பவன் என்று பதில் வந்தது. வறட்சி வரைபடங்கள் தயாரிப்பதையே பல ஆண்டுகளாகத் தொழிலாகக் கொண்டவனை நோக்கி, அந்தப் படம் எந்த மாதத்தில் எடுக்கப்பட்டது என்றுகூடப் பார்க்காதவர்கள் அப்படிச் சொன்னது வலித்தது.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். நிலம் பசுமை இழந்ததைப் படம் காட்டும். எதனால் இழந்தது என்பதைக் காட்டாது. நலமான இலை சிவப்பு ஒளியை உள்வாங்கிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியைப் பெருமளவில் திருப்பி அனுப்பும். இலையிலிருந்து திரும்பி வரும் இவ்விரண்டு ஒளிகளின் அளவுகளுக்கு இடையிலான வேறுபாட்டை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வருவதே என்டிவிஐ என்ற தாவரக் குறியீடு. லேண்ட்சாட் செயற்கைக்கோள்கள் 30 மீட்டர் கட்டத்துக்கு ஒன்றாகவும், சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் பத்து மீட்டர் கட்டத்துக்கு ஒன்றாகவும் இந்த எண்ணை நமக்குத் தருகின்றன. மழை பொய்த்தாலும், பாசன மோட்டாருக்கு டீசல் கிடைக்காவிட்டாலும், வயலில் கண்ணிவெடி புதைந்திருந்தாலும், உழுதவர் குடும்பத்தோடு எல்லை தாண்டிப் போயிருந்தாலும் குறியீடு ஒரே மாதிரிதான் சரியும்.

வறட்சியே இல்லை என்கிறாயா என்று கேட்கிறார்கள். 2007 முதல் 2009 வரை வடகிழக்குச் சிரியாவின் ஜசீரா பகுதியை மிகக் கடுமையான வறட்சி தாக்கியது. அங்குள்ள ஹசாகா மாகாணத்திலிருந்து ஏராளமான குடும்பங்கள் பிழைப்புத் தேடி நகரங்களுக்குப் போயின. அதை நான் எங்கும் மறுக்கவில்லை. ஆனால் அந்த வறட்சியின் நடுவிலேயே, 2008 மே மாதத்தில், அரசு டீசல் மானியத்தை வெட்டியது. லிட்டர் ஏழு சிரிய பவுண்டாக இருந்த டீசல் இருபத்தைந்து பவுண்டானது. அடுத்த ஆண்டு உர மானியமும் போயிற்று. பல ஆண்டுகளாக அளவின்றி உறிஞ்சப்பட்டதால் நிலத்தடி நீர் ஏற்கெனவே கீழே போயிருந்தது. மழை திரும்பியபோது பயிர்ப்பரப்பும் விரைவாகவே மீண்டது என்று 2022-இல் வெளியான ஓர் ஆய்வு இதே செயற்கைக்கோள் தரவுகளைக் கொண்டு காட்டியிருக்கிறது. அந்தப் படங்களைப் பகிர்ந்தவர்கள் இவற்றில் எதையாவது ஒரு வரி சொன்னார்களா?

என்னோடு பணியாற்றிய ஹசாகாக்காரர் ஒருவர், ஒருமுறை நான் தயாரித்த வரைபடத்தில் தன் ஊரைத் தேடிக் கண்டுபிடித்தார். பழுப்பாக இருந்த ஒரு துண்டைத் தொட்டு, டீசல் விலை ஏறியதும் இங்கிருந்த மோட்டாரைக் கழற்றி விற்றுவிட்டார்கள் என்றார். பக்கத்திலிருந்த இன்னொரு துண்டைக் காட்டி, இதில் ஐஎஸ் எனப்படும் இஸ்லாமிய அரசு அமைப்பினர் கண்ணிவெடி புதைத்துவிட்டுப் போனதால் யாரும் கால் வைப்பதில்லை என்றார். என் திரையில் இரண்டுக்கும் ஒரே நிறம்தான். அவருடைய உறவினர்களின் வாழ்க்கையை நாசமாக்கிய இரண்டு வெவ்வேறு முடிவுகளை, மனிதர்கள் எடுத்த முடிவுகளை, வானிலையின் கணக்கில் எழுதுவதை என்னால் ஏற்கவே முடியாது.

அப்படியானால் செயற்கைக்கோளால் பயனே இல்லையா என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி இது. பயன் உண்டு, ஒப்பிட வேண்டியதை ஒப்பிட்டால். சிரியாவிலிருந்து ஜோர்டானுக்குள் பாயும் யார்முக் ஆற்றில், சிரியாவின் உள்நாட்டுப் போர் தொடங்கிய பின், நீர்வரத்து கூடியது. மழையால்தான் கூடியது என்று சொல்லி முடித்திருக்கலாம். 2016-இல் வெளியான ஆய்வு அப்படி முடிக்கவில்லை. சிரியப் பக்கத்துப் பாசனப் பரப்பையும் அணைகளில் தேங்கிய நீரையும் படங்களிலிருந்து கணக்கிட்டு, போர் நடக்காத அண்டைப் பகுதிகளோடு ஒப்பிட்டது. கூடுதல் நீரில் ஏறத்தாழ பாதிக்கு வறட்சி நீங்கியது காரணம், மறுபாதிக்கு விவசாயிகள் பாசனத்தைக் கைவிட்டுப் போனது காரணம் என்று பிரித்துக் காட்டியது. பாதி, பாதி என்று பிரித்துச் சொல்வதற்குத்தான் இந்தத் துறையில் இத்தனை பேர் உழைக்கிறோம். பொதுமக்களுக்கு எளிமையாகச் சொல்ல வேண்டாமா என்கிறார்கள். பாதியை மறைப்பது எளிமை ஆகாது.

2019-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் குளிர்காலத்தில் மழை நன்றாகப் பெய்தது. பல ஆண்டுகளுக்குப் பிறகு கதிர்கள் திரண்டு நின்றன. மே, ஜூன் மாதங்களில், அறுவடை நேரத்தில், ஹசாகாவிலும் வடமேற்கே இத்லிப் பகுதியிலும் எல்லைக்கு அப்பால் ஈராக்கிலும் வயல்கள் எரிந்தன. சில இடங்களில் ஐஎஸ் அமைப்பு தானே தீ வைத்ததாக அறிவித்தது, சில இடங்களில் குண்டுவீச்சு, சில இடங்களில் விபத்து. மழை பெய்த ஆண்டில் எரிந்துபோன அந்தக் கோதுமைக்கும் ஏப்ரலில் பச்சை, ஆகஸ்டில் வெளுப்பு என்று இரண்டு படங்களை வைத்து அதே வரியை எழுதிவிட முடியும். வயலை எரித்தவனுக்கு இதைவிடப் பெரிய உதவி எது?

பருவநிலை மாற்றத்தைப் பற்றிப் பேசுங்கள், நானும் உங்களோடு பேசுகிறேன். அந்தப் பதிவை நீக்கச் சொல்லவும் இல்லை. இரண்டு படங்களுக்கும் கீழே எடுக்கப்பட்ட தேதியைப் போடுங்கள், அந்தந்த ஆண்டின் மழையளவைச் சேருங்கள், அந்த ஊர் அப்போது யார் கையில் இருந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். அதன் பிறகும் வறட்சி மட்டும்தான் காரணம் என்று உங்களுக்குத் தோன்றினால், அங்கேயே வந்து விவாதிக்கிறேன்.