மெட்ரோ இருக்கட்டும், வடிகாலைப் பாருங்க

சென்னையில தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பக்கம் கவுன்சிலர் ஓட்டுக் கேட்டு வர்றவங்க வாயில மெட்ரோ ரயில்தான் வருது. மொத்த 200 கவுன்சிலரும் கூடினாலும் அது மாநகராட்சி மன்றத்துல முடிவாகிற விஷயமா? மழைநீர் வடிகால், தெருவிளக்கு, குப்பை, உள்தெரு ரோடு, இதுதானே இவங்க வேலை!

பழைய தாரைச் சுரண்டி எடுக்காம மேலயே புதுசு போட்டா ரோடு உசரும், வீடு பள்ளமாகும். வடிகால்ல வாரின சேற்றை ஓரத்துலயே குவிச்சா அடுத்த மழைக்கு மறுபடி உள்ளேதான் போகும். அன்னைக்கே லாரியில ஏத்தணும். இதுல திருட்டுத்தனமா வடிகாலுக்குள்ள விட்ட கழிவுநீர்க் குழாய் வேற. கழிவுநீர் குடிநீர் வாரியத்தோடது, வடிகால் மாநகராட்சியோடது. ரெண்டும் கலக்குற இடத்தை யார் அடைப்பாங்கன்னு ஒரு நோட்டீஸ்லயாவது இருக்கா? வேட்பாளர் கைகூப்புற போட்டோதான் முக்கால் பக்கம்.