காகிதத்துக்காகக் காத்திருந்த அச்சு

அச்சு இயந்திரம் பிறக்க ஏன் இத்தனை நூற்றாண்டுகள் ஆயின என்று கேட்பவர்கள், அந்த யோசனை எவருக்கும் தோன்றவில்லை என்றே பெரும்பாலும் எண்ணிக்கொள்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ரோமானியர்கள் நாணயம் அடித்தார்கள். ஈயக் குழாய்களில் பெயர்களைப் புடைப்பெழுத்தாகப் பதித்தார்கள். திராட்சை பிழியத் திருகுப் பொறியும் வைத்திருந்தார்கள். அவர்களிடம் இல்லாதது, அச்சடித்துக் குவிப்பதற்கு மலிவான காகிதம்.

ஐரோப்பாவில் உலோக எழுத்துகளைக் கோத்து அச்சிடும் முறையை உருவாக்கிய குட்டன்பர்க், ஜெர்மனியின் மெயின்ஸ் நகரில் 1455ஆம் ஆண்டளவில் அச்சிட்டு முடித்த விவிலியத்தையே எடுத்துக்கொள்வோம். தோலில் அச்சடித்த ஒரு பிரதிக்கு ஏறத்தாழ 170 கன்றுகளின் தோல் தேவைப்பட்டது. சுமார் 180 பிரதிகளையும் தோலிலேயே அடித்திருந்தால் முப்பதாயிரம் கன்றுகள் வேண்டியிருந்திருக்கும்! முக்கால்வாசிப் பிரதிகள் காகிதத்தில் வந்ததால்தான் அந்தத் தொழில் நடந்தது. அந்தக் காகிதமோ சீனத்திலிருந்து சமர்கந்து, பாக்தாத், ஸ்பெயின், இத்தாலி என ஊர் ஊராக நகர்ந்து, 1390இல்தான் நியூரம்பெர்க்கில் ஓர் ஆலையாக நின்றது. அதற்கும் குட்டன்பர்க்கின் பட்டறைக்கும் இடையே இருப்பது அறுபது ஆண்டுகள்தான். இதைத் தாமதம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

காகிதம் மட்டும் போதவில்லை என்பதும் உண்மை. எஃகுத் தண்டின் முனையில் எழுத்தை இடவலம் மாற்றிச் செதுக்கி, அதைச் செம்பில் அடித்துப் பள்ளமாக்கி, அந்தப் பள்ளத்தைக் கையில் பிடிக்கும் வார்ப்புக் கருவியில் பொருத்தி, ஈயமும் வெள்ளீயமும் ஆன்டிமனி என்ற தனிமமும் கலந்த உருக்கை ஊற்றித் தனித்தனி எழுத்துகளாக வார்ப்பதே இத்தொழிலில் நிலைபெற்ற முறை. ஒல்லியான எழுத்தும் அகலமான எழுத்தும் உயரத்தில் மயிரிழையும் பிசகக் கூடாது. பிசகினால் ஒன்று அழுந்தும், மற்றொன்று பதியாது. எழுதும் மையோ உலோகத்தில் பரவாமல் திரண்டு நிற்கும் என்பதால், எண்ணெயில் கரி குழைத்த பிசுபிசுப்பான மை வேண்டியிருந்தது.

கொரியாவில் 1377இலேயே உலோக எழுத்துகளால் நூல் அச்சாகிவிட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் அன்று அங்கே நூல்களில் வழங்கிய ஆயிரக்கணக்கான சீன எழுத்துருக்களைக் கோப்பதைவிட மரப்பலகையில் பக்கம் முழுவதையும் செதுக்குவது பலவேளை எளிதாக இருந்தது. அதை அறிவுக்குறைவு என்பது நம் ஆணவம்.

குட்டன்பர்க்குக்கு இரண்டரை நூற்றாண்டுக்குப் பின் தரங்கம்பாடியிலும் இதே கதைதான். அச்சு இயந்திரம் வந்திறங்கியது. ஜெர்மனியின் ஹாலேயில் வார்த்த தமிழ் எழுத்துகளும் வந்தன. ஆனால் அவை பெரிதாக இருந்ததால் காகிதத்தை விழுங்கின. எனவே ஜெர்மானியச் சமயப் பணியாளர் சீகன்பால்குவின் குழுவினர் சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்துப் புதிய ஏற்பாட்டை 1715இல் அச்சிட்டு முடித்தார்கள். பக்கத்துப் பொறையாறில் காகித ஆலையும் தொடங்கினார்கள்.